அறுபது நாள் சமைத்த கோழி

எங்கள் வீட்டுச் செங்கோழி அறுபது நாள், நாளுக்கு மூன்று வேளை, ஒரு குச்சி விறகு இல்லாமல், துளிப் புகை விடாமல், ஆறு பேருக்குச் சமைத்தது. ஞாயிற்றுக்கிழமைகூட விடுப்பு எடுக்கவில்லை. இதை நான் சொல்லவில்லை. கடல் தாண்டி வந்த ஒரு டாக்டரும் அவருடைய கம்ப்யூட்டரும் சொன்னார்கள். கோழி தன்னைப் பற்றி எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. அடக்கமான கோழி.

வீட்டில் இருப்பது நானும் என் மனைவி அயூமாவும்தான், மகன் முலாமா வெளியூரில். ஆறு பேர் என்று படிவத்தில் எழுதியது நான். கட்டம் பெரிதாக இருந்தது, ரெண்டு என்று எழுதினால் வெறிச்சென்று தெரிந்தது.

என் பெயர் அண்டாயி. கரும்பாலையில் முப்பத்தொரு வருடம் பாய்லருக்குச் சக்கை ஊட்டியவன். நாலு மாடி உயர பாய்லர். அதன் வயிற்றில் தீ என்ன நிறத்தில் எரிகிறது என்பதை கேண்டீனில் டீ குடித்துக்கொண்டே சொல்வேன். புகையை ஒரு தடவை மோந்தால் போதும், எந்த வயல் கரும்பு என்று சொல்லிவிடுவேன். அது யார் வயலில் திருடியது என்பதையும் சேர்த்துச் சொல்லி இரண்டு முறை அடி வாங்கியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் ஊருக்கு அடுப்பு கற்றுக்கொடுக்க வந்தார்கள், முழங்கால் தெரியக் கால்சட்டை போட்டவர்கள்.

அவர்களுக்குத் தலைவர் டாக்டர் பிம். நம் சுவாஹிலியைப் புத்தகத்தில் படித்தவர், அதனால் அவர் வாயைத் திறந்தால் தேவாலயத்தில் வேதம் வாசிப்பது போலிருக்கும். கூடவே நைரோபியிலிருந்து கிரிஸ்பின் என்றொரு இன்ஜினியர். கிராமத்து மண் ஒட்டினால் காலில் புண் வரும் என்பது போல நடப்பான். அவர்கள் கொண்டுவந்த அடுப்பின் பெயர் நீலச் சுடர். தகர உருளை, மூன்று குட்டிக் கால்கள், பக்கவாட்டில் விரல் பருமன் குச்சிகளுக்கு ஒரு வாசல். ஏழாவது வடிவமாம் அது. முதல் ஆறும் எந்த ஊர் தலையில் விழுந்தனவோ.

தேவாலயத்து முற்றத்தில் ஊரைக் கூட்டி, அடுப்பை மேசைமேல் ஏற்றி, ஒரு சின்னப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்தார்கள். டாக்டர் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான்கு நிமிடத்தில் கொதித்தது. கிரிஸ்பின் கைதட்டினான். வேறு யாரும் தட்டவில்லை.

"கொதிச்சுடுச்சு. சரி. இப்ப என்னத்தைச் சாப்பிடறது?" என்றாள் அயூமா.

கிரிஸ்பின் அதை டாக்டருக்கு மொழிபெயர்க்கவில்லை. பத்து வருடமாக அவர்கள் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து வெந்நீர் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். வெந்நீரைத் தின்று வயிறு நிறைகிற ஜனங்களை எங்கே பார்த்தார்களோ தெரியாது.

புகை நல்லது என்று நான் வாதாடவில்லை. அயூமாவின் கண் சிவந்தே கிடக்கும், காலையில் அவள் இருமும் இருமலுக்குச் சேவல் பதில் சொல்லும். அதற்கு வழி எனக்குத் தெரியும். அடுப்புக் கற்களைச் சுற்றிக் களிமண் சுவர், பின்னால் ஒரு துவாரம், மேலே ஓடு போட்ட புகைபோக்கி. முப்பத்தொரு வருடம் தீயோடு குடும்பம் நடத்தியவனிடம் யாராவது கேட்டார்களா? கேட்டார்கள். "பெரியவரே, இந்த டேப்பின் நுனியைக் கொஞ்சம் பிடிங்க" என்று.

நான் பிடித்தேன். பிடித்ததற்குப் பரிசாக முதல் அடுப்பை எனக்கே தந்தார்கள், ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு.

வீட்டுக்கு வந்து தாளைக் காட்டினேன். அயூமாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். இரண்டாம் வரிக்கு மேல் அவள் விரல் நகரவில்லை.

"முலாமா அப்பா, இதைப் படிச்சீங்களா, இல்ல பேனா நல்லா எழுதுதேன்னு போட்டுட்டீங்களா?"

"பேனாவை நானே வெச்சுக்கலாம்னாங்க."

"ஒரு பேனாவுக்கு என்னைச் சாகடிச்சாச்சு."

தாளில் இருந்தது இதுதான். அறுபது நாள் நீலச் சுடரில் மட்டுமே சமைக்க வேண்டும். சமைத்தால் சான்றிதழ், அதன்பிறகு யாரும் நம் சமையலறைப் பக்கம் வரமாட்டார்கள். சமைக்காவிட்டால் பழைய மூன்று கற்களை அவர்களே வந்து பெயர்த்து எடுத்துப்போவார்கள். பழக்கத்தை வேரோடு பிடுங்குவதாம்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டின் அடுப்புக் கற்களைப் பெயர்ப்பது, அந்த வீட்டுக்காரி செத்தால் மட்டும்தான். அயூமாவின் கற்களை நாற்பத்து மூன்று வருடம் முன்பு என் அம்மா தன் கையால் நட்டுக் கொடுத்தாள். டாக்டர் பிம்மின் கண்ணுக்கு அவை கரிபிடித்த மூன்று பாறைத்துண்டுகள்.

பக்கத்து வீட்டு ஷியுண்டு வாத்தியார், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், நவநாகரிக மனிதர். நாற்பது வருடமாக எனக்கும் அவருக்கும் ஆகாது. எவனும் கேட்காமலே தன் வீட்டுக் கற்களைத் தூக்கி லாரியில் போட்டார். அவர் மனைவி அன்றே பிறந்த வீட்டுக்கு நடந்துவிட்டாள். பதினோரு நாள் கழித்து அவளுடைய தம்பிமார் கொண்டுவந்து விட்டார்கள், கூடவே மூன்று புதுக் கற்கள். இன்றைக்கும் அவை சோளக்குதிருக்குப் பின்னால் இருக்கின்றன, தினமும் எரிகின்றன. ஊருக்கே தெரியும், வாத்தியாரைத் தவிர. நீலச் சுடரில் சமைத்த கீரைக்கு ருசியே தனி என்று அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என் கல்லு மேல கடப்பாரை பட்டா, அன்னிக்கே எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்" என்றாள் அயூமா. "திரும்பி வரமாட்டேன். செத்தவ எப்படித் திரும்பி வருவா?"

அவள் சொன்னால் சொன்னதுதான். ஒரு சண்டையில் இனி டீயில் சர்க்கரை போடமாட்டேன் என்றாள். இருபத்திரண்டு வருடம் ஆகிறது. கரும்பாலைக்காரன் வீட்டில் சர்க்கரை இல்லாத டீ. அப்போதிலிருந்து அவள் மிரட்டலை நான் மிரட்டல் என்று நினைப்பதில்லை.

எனக்காகத்தான் மறுநாள் நீலச் சுடரை மூட்டினாள். வெந்நீர் வந்தது. சோளமாவைக் கொட்டித் துடுப்பைப் போட்டு உகாலிக் களி கிண்டத் தொடங்கினாள். உகாலி கிண்டுவது என்றால் சும்மாவா? காலை அகட்டி நின்று, இரண்டு கையாலும், பானையோடு மல்யுத்தம். முதல் சுற்றிலேயே அடுப்பு பானையோடு சேர்ந்து சுற்றியது. இரண்டாம் சுற்றில் நடக்க ஆரம்பித்தது. மூன்றாம் சுற்றில் கதவு வரை போய்விட்டது, அயூமா துடுப்போடு பின்னாலேயே போனாள். நான் குறுக்கே விழுந்து தடுத்திராவிட்டால் அந்த உகாலி அடுத்த மாவட்டத்தில்தான் வெந்திருக்கும். முழங்கையில் இன்னும் வடு இருக்கிறது, கேட்பவர்களுக்குக் காட்டுவேன்.

அதோடு நீலச் சுடர் மூலைக்குப் போனது. அயூமா தன் கற்களுக்கே திரும்பினாள். நான் அறுபதாம் நாளை நினைத்துத் தூக்கம் கெட்டேன்.

மூலையில் கிடந்ததை மறுநாளே செங்கோழி கண்டுபிடித்தது. எங்கள் கோழிகள் சமையலறையில்தான் தூங்கும், அது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். செங்கோழி அடுப்புமேல் ஏறி, பானை வைக்கிற வாய்க்குள் இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றி உட்கார்ந்தது. அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது. எங்கள் பானை எதுவும் அந்த வாயில் பொருந்தியதில்லை. கோழி பொருந்தியது. பத்து வருட ஆராய்ச்சியில் அவர்கள் எதை அளந்தார்கள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உள்ளே மெத்தென்ற சாம்பல், காற்றுப் புகாத தகரச் சுவர். அது முன்பே இட்டுச் சேர்ந்திருந்த பதினோரு முட்டையை அயூமா அடியில் வைத்ததும் அடைக்கு உட்கார்ந்துவிட்டது.

இருபதாம் நாள் வாக்கில் கிரிஸ்பின் வந்தான். நாங்கள் சமையலறைக் கதவைச் சாத்திவைத்தோம். அவன் உள்ளே வரவே இல்லை. கதவருகே நின்று கைப்பேசியை நீட்டினான். அடுப்பின் அடியில் சட்டைப் பொத்தான் அளவில் ஒன்றைப் பதித்திருக்கிறார்களாம், சூடு ஏறுவதையும் இறங்குவதையும் அது குறித்துவைத்துக் கைப்பேசிக்குச் சொல்லுமாம். பொத்தான் வெந்துவிடக் கூடாதென்று சாம்பல் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். அங்கே அவ்வளவாகச் சூடு வராது, அதனால் முப்பத்தைந்து டிகிரியைத் தாண்டினாலே ஒரு சமையல் என்று கணக்கு.

கைப்பேசியைப் பார்த்த கிரிஸ்பினின் முகம் மலர்ந்தது.

"பெரியவரே! நாளுக்கு மூணு வேளை! ஒரு நாள்கூட விடல. நாப்பது வீட்ல நீங்கதான் முதல். சூடும் அப்படியே நிதானமா இருக்கு, நாப்பது, நாப்பத்தொண்ணு. இவ்வளவு சிக்கனமா தீயைப் பிடிக்கறது எப்படிம்மா?"

அயூமா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"கொஞ்சம் பொறுமை வேணும். ஒரே எடத்துல உக்காரணும்" என்றாள் அயூமா.

அவன் அதைக் குறித்துக்கொண்டான்.

அவன் போனபிறகு கதவைத் திறந்து இரண்டு பேரும் கோழியைப் பார்த்தபடி நின்றோம். நாங்கள் சாப்பிடும்போதெல்லாம் அயூமா முற்றத்தில் சோளம் இறைப்பாள், காலை, மதியம், மாலை. கோழி இறங்கிப் போகும். எங்கள் மலைக்காற்றில் தகரம் சட்டென்று ஆறிவிடும். திரும்பி வந்து உட்கார்ந்தால் சூடு ஏறும். மூன்று சமையல். டாக்டர் பிம்மின் நாட்டில் கோழி சமையலறைக்கு வருவது தலையில்லாமல், பிளாஸ்டிக் பையில். இங்கே அது குடியிருக்கும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

சிரித்து முடிப்பதற்குள் பயம் பிடித்தது. குஞ்சு பொரித்தால் கோழி எழுந்து போய்விடும். கணக்கு நின்றுவிடும், கல்லும் போய்விடும். முட்டைகள் கீறல் விட்ட அன்றே அயூமா குஞ்சுகளை எடுத்துப் புள்ளிக்கோழியிடம் சேர்த்தாள், செங்கோழிக்கு அடியில் புது முட்டைகளைத் தள்ளினாள். அது ஒரு தரம் முறைத்தது, பிறகு உட்கார்ந்துவிட்டது. ஆலையில் நாங்கள் ஷிப்ட் மாறும்போது முனகியதில் பாதிகூட அது முனகவில்லை. இருபத்தோரு நாள் கழித்து இன்னொரு முறை. கையில் வைத்துத் தீவனம் ஊட்டினாள், கறையான் பிடித்துவந்து கொடுத்தாள். எனக்குக்கூட அந்த உபசாரம் நடந்ததில்லை.

இதை வாயில் போட்டுப் பூட்டிவைத்திருந்தால் நான் அண்டாயி இல்லை. ஞாயிற்றுக்கிழமை, பூசா என்கிற சோளக்கள் குடிக்கிற இடத்தில், எல்லாரும் ஒரே பானையில் நீளக் குழாய்களை விட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தபோது, சொல்லிவிட்டேன். என் வீட்டில் கோழிதான் சமைக்கிறது, டாக்டர் கணக்கில் மாவட்டத்திலேயே முதல் இடம் என்று.

சிரித்ததில் ஒருவருக்குப் பூசா மூக்கு வழியே வந்தது. ஷியுண்டு வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. அவர் வீடு பன்னிரண்டாம் இடம்தான் வாங்கியிருந்தது. எப்படி அதுகூட வாங்கியது என்பது அவர் மனைவிக்குத் தெரியும், அந்த அடுப்பை மூட்டி அவள் துணி காயவைப்பாள்.

"அண்டாயி, கோழி கோழின்னு கதை விடாத. அந்தப் பொத்தானைக் கழட்டி நீ அக்குள்ல வெச்சுக்கிட்டுத் தூங்கற."

"என் அக்குள் நாளுக்கு மூணு தடவை ஆறிச் சூடாகுமா வாத்தியாரே?"

"உன்னால எதுவும் முடியும். நீ பொய்யன்."

"வந்து பாருங்க."

"பொய்யைப் பாக்க நான் ஏன் நடக்கணும்?"

அவர் நடக்கவில்லை, கடிதம் எழுதினார். மூன்று பக்கம், கணக்குப்போட்டு, கோடு கிழித்து. அண்டாயி என்பவர் கருவியை ஏமாற்றுகிறார் என்று டாக்டருக்கு.

அறுபத்தோராம் நாள் காலையில் லாரி வந்து நின்றது. டாக்டர் பிம், கிரிஸ்பின், கடப்பாரையோடு இரண்டு ஆட்கள். பின்னால் வேடிக்கை பார்க்க ஊர் முழுக்க. முன்னால் கையைக் கட்டிக்கொண்டு வாத்தியார்.

அயூமா உள்ளே போய்த் துணிகளை ஒரு மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, மூட்டைமேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

நான் டாக்டரைக் கூட்டிப்போய்ச் செங்கோழியைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். கோழி அவரைப் பார்த்தது. இரண்டில் எதற்கு அறிவு அதிகம் என்று அந்தச் சமையலறையில் சந்தேகமே வரவில்லை.

"இது இயலாத காரியம்" என்றார் டாக்டர். "ஒரு பறவை எமது அடுப்பை இயக்க முடியாது. பத்தாண்டு உழைப்பு இது. தாங்கள் என்னைப் பரிகசிக்கிறீர்கள்."

"இயக்கலங்க. உக்காந்துச்சு."

அவர் முகம் சிவந்தது. அப்புறம் ஊரார் முன்னால், நிமிர்ந்து நின்று, ஒரு சவால் விட்டார். இன்று முழுவதும் சமையலறையில் தீயே மூட்டக் கூடாது. அவரே உட்கார்ந்து காவல் காப்பார். யாரும் பொத்தானைத் தொடாமல் அந்தக் கோழியால் மட்டும் மூன்று முறை சூடேறினால், கற்களைத் தொடமாட்டார், சான்றிதழைத் தருவார், அவருடைய ஆட்கள் இந்தப் பக்கமே வரமாட்டார்கள். இல்லாவிட்டால் மாலையிலேயே கடப்பாரை. சாட்சி ஷியுண்டு வாத்தியார். அவரைவிட எனக்கு எதிரான சாட்சி இந்தப் பூமியில் கிடைக்காது.

இரண்டு முக்காலி போட்டு இருவரும் அடுப்பின் எதிரில் உட்கார்ந்தார்கள். கைப்பேசியில் ஒரு கோடு ஓடிக்கொண்டிருந்தது. காலைச் சோளத்துக்குக் கோழி போனது, வந்தது, கோடு இறங்கி ஏறியது. டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார்.

மதியம் விருந்தாளிக்குக் கோழிக்கறி போடாமல் விட்டால் எங்களுக்கு ஊரில் முகம் கிடையாது, அவர் கல் பெயர்க்க வந்த விருந்தாளியாக இருந்தாலும். எங்கள் வீட்டில் தீ கூடாதே. அயூமா ஒரு சேவலை அறுத்து வாத்தியார் மனைவியிடம் கொடுத்தனுப்பினாள். குதிருக்குப் பின்னாலிருந்த அந்த மூன்று கல்லில் அது வெந்தது. வாசம் வேலி தாண்டி வந்தது. டாக்டர் பிம் மூக்கை நிமிர்த்தினார். ஐந்து நிமிடம் தாக்குப்பிடித்தார். பிறகு "சிறிது நேரத்தில் மீள்கிறேன்" என்று எழுந்து வேலியைத் தாண்டினார், பின்னாலேயே கிரிஸ்பின், அவனுக்குப் பின்னால் கடப்பாரை ஆட்கள். வேடிக்கை பார்த்த ஊரும் வேலியோரத்துக்கு நகர்ந்தது, வாசத்தையாவது பிடிக்கலாம் என்று. புகையை ஒழிக்க வந்த மனிதர் புகையில் வெந்த சேவலை எலும்பு வரை உறிஞ்சினார். இரைப்பையையும் அவரே தின்றுவிட்டார், அது வீட்டுத் தலைவனுக்கு உரியது என்று தெரியாமல். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வாத்தியார் எழவில்லை. எங்கள் இனத்தான் ஒருவன் கோழிக்கறி வாசம் வந்தும் முக்காலியை விட்டு எழாமல் இருப்பதை நான் அன்றுதான் பார்த்தேன். எச்சில் விழுங்கும் சத்தம் கேட்டது. கண் மட்டும் கோழிமேல். நான் வாசல்படியில் நின்றேன், உள்ளே கால் வைக்கவில்லை.

மாலைச் சோளத்துக்கு டாக்டர் திரும்பிவந்து உட்கார்ந்துவிட்டார். கோழி போனது, வந்தது, கோடு ஏறியது. கைப்பேசியில் மூன்று மேடுகள் தெளிவாக நின்றன. டாக்டர் அவற்றை ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு நடு மேட்டில் விரலை வைத்தார்.

"இந்த வேளையில் நான் இங்கே இல்லை" என்றார். குரல் தேனாகிவிட்டது. "ஆசிரியரே, தாங்கள் ஒருவரே இருந்தீர்கள். இந்தப் பெரியவர் அருகே வந்திருக்கலாம். பொத்தானைக் கையால் சூடேற்றியிருக்கலாம். நன்கு சிந்தித்துச் சொல்லுங்கள். தங்கள் கடிதத்தில் தாங்களே எழுதியிருக்கிறீர்கள் அல்லவா?"

சமையலறை வாசலில் கடப்பாரைக்காரன் ஒருவன் கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டான். அயூமா மூட்டையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு அதுவரை ஒரே கொண்டாட்டமாக இருந்தது, அந்த நொடியோடு அது போனது. ஒரு சொல் போதும் வாத்தியாருக்கு. வந்தார், தொட்டார் என்று சொன்னால் நாற்பது வருடப் பகையைத் தீர்த்துக்கொள்ளலாம். கடிதமும் உண்மையாகிவிடும், கண்டுபிடித்தவர் என்ற பெயரும் வரும். நான் சத்தியம் செய்தாலும் எவன் நம்புவான்? என் சத்தியத்துக்கு ஊரில் என்ன விலை என்று எனக்கே தெரியும்.

வாத்தியார் எழுந்து நின்றார். முழங்கால் மடங்கியே இருந்து மரத்துப்போயிருந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டார். என்னை ஒரு பார்வை பார்த்தார், செருப்படி மாதிரி.

"இந்த மனுசன் பொய்யன்" என்றார் டாக்டரிடம். "பாய்லர்ல நீர்யானை விழுந்துச்சும்பான். சீப் இன்ஜினியர் இவங்கிட்டதான் யோசனை கேப்பாரும்பான். இவன் சொன்னதுல ஒண்ணுகூட நான் நம்பினதில்ல, இனிமேயும் நம்பமாட்டேன்."

டாக்டர் பிம் தலையாட்டினார். கடப்பாரை நிமிர்ந்தது.

"ஆனா இவன் உள்ள வரல" என்றார் வாத்தியார். "படியத் தாண்டல. கோழி இறங்கிப் போச்சு, தின்னுச்சு, திரும்ப வந்து உக்காந்துச்சு. கோடு ஏறுச்சு. கறி வாசத்துல உயிர் போச்சு எனக்கு, இருந்தாலும் கண்ணை எடுக்காமப் பாத்தேன்." எச்சிலை விழுங்கிக்கொண்டார். "நடந்துச்சுங்க. கோழிதான் பண்ணுச்சு."